வலியறிதல்: ஆழிக்குமரன் ஆனந்தனை முன்வைத்து

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் படித்த மாணவர் ஒருவர் சேலையூரில் நம் வீட்டுக்கு வந்தார். அவர் வேதியியல் பட்டதாரி. இப்போது சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. நான்கு ஆண்டுகளாக டிரையத்லான் என்னும் போட்டிக்குப் பயிற்சி எடுத்துவருகிறார். நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடி முடிக்க வேண்டிய போட்டி அது. மூன்றுக்கும் இடையில் ஓய்வில்லை. உடை மாற்றிக்கொள்ளும் நேரமும் கணக்கில் சேரும்.

அவருடைய வாரம் தென்சென்னைப் புறநகரின் வரைபடம் போலிருக்கும். செவ்வாயும் வியாழனும் விடிவதற்குமுன் வேளச்சேரி நீச்சல்குளம். 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட வளாகம் அது. புதன்கிழமை சேலையூர் ஏரிக்கரையிலும் கிழக்குத் தாம்பரத் தெருக்களிலும் ஓட்டம். சனிக்கிழமை வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்குப் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை சைக்கிள். அலுவலக வண்டிகள் சாலையை நிறைக்கும் முன் வீடு திரும்பிவிடுவார். பரிசுப் பணம் எதுவும் இதில் இல்லை. நுழைவுக் கட்டணம், சைக்கிள், காலணி எல்லாம் கைச்செலவு.

அன்று அவர் வழக்கமான உற்சாகத்தில் இல்லை. முந்தைய வாரம் நடந்த ஒரு போட்டியில், ஒன்றரைக் கிலோமீட்டர் கடல் நீச்சலில் ஆயிரம் மீட்டருக்குமேல் கடந்திருந்தபோது இரு கெண்டைக்கால்களிலும் தசைப்பிடிப்பு. மீட்புப் படகில் இருந்த மீனவ இளைஞர் இருமுறை கேட்டிருக்கிறார், ஏறுகிறீர்களா என்று. இருமுறையும் வேண்டாம் என்று கையசைத்திருக்கிறார் நம் மாணவர். மூன்றாம் முறை அந்த இளைஞர் கேட்கவில்லை. தோளைப் பற்றித் தூக்கிப் படகில் போட்டுவிட்டார். டிரையத்லான் விதிப்படி களைத்தவர் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். படகில் ஏறிவிட்டால் போட்டி முடிந்தது.

"இன்னும் நானூறு மீட்டர்தான் ஐயா. அவர் என்னைத் தொட்டிருக்கக் கூடாது" என்றார். அவர் அணிந்திருந்த பனியனின் முதுகில் ஆள்வினையுடைமை அதிகாரத்துக் குறள் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. பிறகு கேட்டார்: "நம் ஆட்கள் யாராவது இப்படிப் பாதியில் ஏறியிருக்கிறார்களா?"

காப்பி கொடுத்தோம், விடை கொடுக்க அன்று முடியவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான விடைதான், சற்றுத் தாமதமாக.

நாம் இன்று காணும் டிரையத்லானின் வரலாறு நீண்டதன்று. 1974ஆம் ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில், மிஷன் விரிகுடாவை ஒட்டி ஓர் ஓட்டக் கழகத்தார் நடத்திய போட்டியே இப்பெயரோடு நடந்த முதல் போட்டி என்பர். அதிலிருந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1978 பிப்ரவரி 18 அன்று, ஹவாயின் ஓவாஹு தீவில் ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒரு விளையாட்டுச் சண்டையைத் தீர்க்க முற்பட்டார். நீச்சல்காரர், சைக்கிள்காரர், ஓட்டக்காரர் இவர்களில் எவர் உடல் வலியது என்பதே சண்டை. அத்தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று தனித்தனிப் போட்டிகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 42.2 கிலோமீட்டர் முழு மாரத்தான். பதினைந்து பேர் தொடங்கிப் பன்னிருவர் முடித்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆயிற்று. இரண்டாவதாக வந்தவருக்குத் துணையாக வந்த நண்பர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோகவே, பீரைக் கொடுத்து ஓடவிட்டார்கள் என்பது அவ்விளையாட்டின் புராணங்களுள் ஒன்று. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் இதன் குறுகிய வடிவம் இடம்பெற்றது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அயர்ன்மேன் எனப் பெயர்பெற்ற அந்த நெடும்போட்டி வளர வளர, அதற்கு ஒரு காலவரம்பும் வந்தது. பொதுவாக 17 மணி நேரம். அதற்குள் வராதவர் எவ்வளவு மனவுறுதி படைத்தவராயினும் முடித்தவராகக் கணக்கில்லை. நீச்சலுக்குத் தனி வரம்பு, சைக்கிளுக்குத் தனி வரம்பு. வழிநெடுக மருத்துவர்கள், படகுகள். தாங்கும் ஆற்றலைப் போற்றவே பிறந்த ஒரு விளையாட்டு, வளர்ந்து பக்குவப்பட்டபோது முதலில் செய்துகொண்ட காரியங்களுள் ஒன்று தனக்குத் தானே எல்லை போட்டுக்கொண்டது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். டிரையத்லான் என்ற சொல் நம் காதில் விழுவதற்கு முன்பே நெடுநேரத் தாங்குதலை நாம் பார்த்திருக்கிறோம். எண்பதுகளில் வளர்ந்த எந்தத் தமிழரும் சிறு வயதில் ஒரு முறையாவது ஏதேனும் ஒரு திடலில் இறங்காமல் சைக்கிள் விடுபவரைக் கண்டிருப்பார். நாம் கண்டது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வெற்றுத்திடலில். நடுவே ஒரு மூங்கில் கம்பம், அதில் ஒலிபெருக்கி, வட்டமாகக் குழல்விளக்குகள். ஏழு நாள் இறங்குவதில்லை என்பது அறிவிப்பு. சைக்கிள்மேலேயே சாப்பாடு, குளியல், முகச்சவரம். மாலையில் கூட்டம் சேர்ந்ததும் கைப்பிடியை விட்டு ஓட்டுவார், பல்லால் வாளி தூக்குவார். பார்ப்பவர்கள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகளைச் சட்டையில் ஊசியால் குத்துவார்கள். அவர் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்து தண்ணீர்ச் சொம்பை நீட்டுவார்.

ஐந்தாம் இரவென்று நினைவு. தெருவில் மின்சாரம் நின்று உறக்கம் வராமல் அப்பாவுடன் திடல் பக்கம் நடந்தோம். அரிக்கேன் விளக்கு ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவர் கம்பத்தில் சாய்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, இருக்கையில் அமர்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். சைக்கிள் சாயாதபடி அந்த அம்மாள் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் திகைத்துப் போனார். நாம் வாய் திறக்குமுன் அப்பா கையை அழுத்தி, "யாரிடமும் சொல்லாதே" என்றார். திரும்பி வருகையில் வேறெதுவும் பேசவில்லை. ஏழாம் நாள் மாலையில் அவருக்கு மாலை போட்டவர்களுள் அப்பாவும் ஒருவர்.

அந்தச் சைக்கிள்காரரின் பெயரை எந்தப் புத்தகமும் குறித்து வைக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ அதே செயலை, உலகம் குறித்து வைக்கும் முறையில் செய்து காட்டிய தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தான் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன். ஈழத்துத் தமிழர் அவரை ஆழிக்குமரன் ஆனந்தன் என்பர்.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். பாய்மரக் கப்பல்களைக் கட்டிப் பர்மாவரை ஓட்டியவர்கள். அவ்வூரில் கட்டிய 'அன்னபூரணி' என்ற கப்பல் ஓர் அமெரிக்கரால் வாங்கப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இத்தகைய ஊரில் 1943 மே 25இல் ஆனந்தன் பிறந்தார். அவருக்குப் பதினொரு வயது நிறையச் சில வாரங்கள் இருந்தபோது, 1954 மார்ச்சில், அயலூரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து நீந்திக் கோடியக்கரையில் ஏறினார். பாக் நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவரே. ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து நீண்ட நீச்சல் அது.

அந்தக் கடலைப் பற்றி இங்கே ஒரு சொல். சென்னையின் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரைத் தாங்கும் இந்நீரிணை ஆழம் குறைந்தது. ஆழம் குறைவென்பதாலேயே எளிதாகிவிடாது. நீரோட்டம் காற்றுக்கேற்பத் திசை மாறும். சொறிமுட்டைகள் உடலைத் தீண்டிக்கொண்டே இருக்கும். வாடைக்காற்று ஓய்ந்து சோழகம் எழுவதற்கு இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களில்தான் கடல் சற்று அமைதியாக இருக்கும். அதனால்தான் இந்நீரிணையைக் கடந்த புகழ்பெற்ற நீச்சல்கள் பலவும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்தவையாக இருக்கின்றன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தெற்குப் பகுதி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நவரத்தினசாமி கடந்த வடக்குப் பகுதி அதைவிட அகலமானது.

தெற்குப் பகுதியை 1966 ஏப்ரலில் வங்காளத்து மிஹிர் சென் கடந்தார். 25 மணி நேரத்துக்கு மேலாயிற்று. 1958இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர் அவர். 1966 என்ற ஒரே ஆண்டில் பாக் நீரிணை, ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா என ஐந்து நீர்ப்பரப்புகளைக் கடந்து காட்டினார். அவருடைய புகழ் பெருகப் பெருக, பாக் நீரிணையின் முதல் நீச்சலும் அவருடையதே என்று பலர் எழுதலாயினர். பன்னிரண்டு ஆண்டுகள் முந்திய நவரத்தினசாமியின் பெயர் யாழ்ப்பாணத்துக்கு வெளியே அதிகம் வழங்கவில்லை. சென்னில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்ததைச் சொல்ல ஆளிருப்பவனுக்கே வரலாறு என்பது இலக்கியத்தில் நாம் அறிந்த செய்திதான், கடலிலும் அப்படியே.

ஆனந்தன் 1971இல் செய்தது வேறு வகையானது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கே தங்காமல் திரும்பவும் தலைமன்னாருக்கு நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு இரவுகள் உறக்கமின்றிக் கடலில் கழிந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடியின் மொட்டைச் சுவர்கள்தான் அக்கரையில் அவரை எதிர்கொண்டிருக்கும். இருவழியிலும் இந்நீரிணையைக் கடந்த முதல் மனிதர் என்ற பெயர் அவருக்கு வந்தது.

அத்தோடு நின்றிருந்தால் அவரை நீச்சல் வீரர் என்று மட்டும் சொல்லி முடித்திருப்போம். அவர் கரைக்கும் வந்தார். 1979 மே 2 முதல் 10 வரை, கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணி 28 நிமிடம் சைக்கிள் ஓட்டினார். ஏறத்தாழ எட்டு நாள்! தாம்பரத்துத் திடல்காரரின் ஏழு நாளை எண்ணிப் பாருங்கள். 1980இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். நெடுந்தூரம் நடந்தும் காட்டினார். 1981இல் சென்னைக்கு வந்து, மெரினாக் கடற்கரை அண்ணா நீச்சல்குளத்தில் நின்ற நிலையிலேயே 80 மணி நேரம் மிதந்தார். பக்கத்தைப் பற்றக் கூடாது, தரையைத் தொடக் கூடாது; கைகாலை அசைத்துத் தலையை நீருக்குமேல் வைத்திருக்க வேண்டும். மூன்று பகல், மூன்று இரவு கடந்தும் இது நீண்டது. இவையெல்லாம் கின்னஸ் நூலில் ஏறின.

நீரிலும் சைக்கிளிலும் கால்நடையிலும் தம் உடலைச் சோதித்தவர் என்ற வகையில், டிரையத்லான் நம் நாட்டுக்கு வருமுன்பே அதன் மூன்று உறுப்புகளையும் ஓருடலில் கொண்டிருந்தவர் ஆனந்தன். சட்டம் படித்தவர் அவர். மிஹிர் சென்னும் அவ்வாறே. இருவருக்கும் இது வயிற்றுப்பாடன்று. அவ்வகையில் நம் மாணவர் திடல்காரரைக் காட்டிலும் ஆனந்தனுக்கு நெருங்கியவர். ஆயினும் அந்தச் சாதனைப் பட்டியலை மீண்டும் படிக்கையில் நமக்கு ஒரு நெருடல் உண்டாகிறது. நீரிணையை நீந்துகையில் எதிரே ஒரு கரை இருக்கிறது. அதை அடைந்ததும் செயல் முடிந்துவிடுகிறது. பூங்காவைச் சுற்றுகையிலும் குளத்தில் மிதக்கையிலும் கரை என்று ஒன்றில்லை. முன்னவர் நின்ற மணிக்கணக்கே எல்லை; அதையும் அடுத்தவர் நகர்த்திவிடுவார். அண்ணா நீச்சல்குளத்தில் அவர் நிறுவிய 80 மணி நேரத்தை இரண்டே ஆண்டுகளில் மால்ட்டாத் தீவினர் ஒருவர் 108 மணி நேரமாக்கிவிட்டார். உறங்காதிருத்தலில் யார் வல்லவர் என்ற சாதனையைப் பிற்பாடு கின்னஸ் நூலே கைவிட்டது. உடலுக்குத் தீங்கு என்பதே காரணம்.

1984 ஆகஸ்டு மாதத் தொடக்கத்துக்கு வருகிறோம். அடுத்தடுத்த இரண்டு நாட்கள்.

ஆகஸ்டு 5, ஞாயிறு. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாரத்தான் முதன்முதலாக நடந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் வென்று ஏறத்தாழ இருபது நிமிடத்துக்குப் பிறகு, சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் அரங்கத்துள் நுழைந்தார். வெப்பம் தாக்கி உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஓர் கை தொங்கிற்று. கால்கள் பின்னின. மருத்துவர்கள் ஓடிவந்தார்கள், அவர் விலகிப் போனார். தொட்டால் தகுதியிழப்பு என்பது விதி. மருத்துவர்கள் தொடவில்லை, ஆனால் அருகிலேயே நடந்தபடி அவர் தோலைக் கவனித்தார்கள். வியர்த்துக்கொண்டிருந்தது. வியர்வை நிற்காதவரை உடல் தன்னைக் குளிர்விக்கும் வேலையைக் கைவிடவில்லை என்று பொருள். எனவே விட்டார்கள். கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்தே முக்கால் நிமிடம் ஆயிற்று. 37ஆவதாக வந்து கோட்டில் விழுந்தவரை உடனே தாங்கினார்கள். இரண்டொரு மணி நேரத்தில் தேறிவிட்டார்.

ஆகஸ்டு 6. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் இறந்தார். வயது 41.

ஆங்கிலக் கால்வாய் குறுகலான இடத்தில் 33 கிலோமீட்டர். தலைமன்னார்–தனுஷ்கோடித் தொலைவோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு நீரின் தட்பத்தில். பாக் நீரிணையின் பங்குனி நீர் நம் உடலுக்கு இதமானது. கால்வாயின் நீர் கோடையிலும் 15 முதல் 18 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். உடல் தான் உண்டாக்கும் வெப்பத்தைக் காட்டிலும் வேகமாக நீர் அதைப் பறித்துக்கொள்கிறது. மரபுவிதியோ சாதாரண நீச்சலுடைதான் அணிய வேண்டும் என்கிறது. இன்னொரு விதியும் உண்டு: கூடவே வரும் படகிலிருந்து உணவை நீட்டலாம், பேசலாம், பாடலாம். நீந்துபவரைத் தொடக் கூடாது. தொட்டால் முயற்சி முடிந்தது.

கால்வாயை முதன்முதல் நீந்திக் கடந்த மாத்யூ வெப்பின் முடிவும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1875 ஆகஸ்டில் 21 மணி 45 நிமிடத்தில் கடந்தவர் அவர். கப்பல் தலைவராக இருந்தவர். அந்தப் புகழுக்குப்பின் கண்ணாடித் தொட்டிகளில் மிதந்து காட்டி வாழ்ந்தார். இறுதியில் 1883 ஜூலையில் நயாகரா அருவிக்குக் கீழே, சுழல்கள் நிறைந்த பெருக்கை நீந்திக் கடக்கப் போய் மாண்டார். கரை உள்ள நீரைக் கடந்தவர், பிறகு கரையில்லாத காட்சிகளில் காலம் கழித்து, முடிவில் எவராலும் கடக்க முடியாத நீரில் இறங்கினார்.

இவ்விடத்தில் நம் மாணவரின் பனியனுக்கு வருவோம். விளையாட்டு வீரர்களும் அவர்களை வாழ்த்திப் பேசுவோரும் குறளை நாடும்போது ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய மூன்று அதிகாரங்களுக்கே போகிறார்கள். 60, 61, 62. விதியே தடுத்தாலும் முயல்வேன் என்ற மிடுக்கு அங்கே இருக்கிறது. மேடைக்கும் பொருந்தும், பனியனுக்கும் பொருந்தும். அதே பொருட்பாலில், அதே அரசியலில், பதினான்கு அதிகாரங்களுக்கு முன்னரே 48ஆவதாக வலியறிதல் என்ற ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதை எந்தப் பனியனிலும் நாம் கண்டதில்லை.

வள்ளுவர் அங்கே அரசனுக்குச் சொல்வது இதுதான்: செயலில் இறங்குமுன் நான்கை எடைபோடு. செயலின் வலிமை, உன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை. நீச்சலுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். செயலின் வலிமை என்பது தொலைவு. தன் வலிமை உடலும் பயிற்சியும். எதிரி, நீரோட்டமும் குளிரும். துணை, படகில் இருப்பவர்கள். முதல் மூன்றையும் நம் காலத்து வீரர்கள் இதயத்துடிப்புவரை அளந்துவிடுகிறார்கள். நான்காவதை வலிமைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் படகுக்காரரை ஓர் ஏற்பாடாக, போக்குவரத்துக் காவலரைப் போல எண்ணுகிறார்கள். அவ்வதிகாரத்தில்தான் மரக்கிளையின் நுனிவரை ஏறிவிட்டு, அதற்கு மேலும் ஏற முனைபவனைப் பற்றிய எச்சரிக்கையும் இருக்கிறது. வெப்பின் கதைக்கு வேறு உரை தேவையில்லை.

வலி என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். வள்ளுவர் காலத்தில் அதற்கு வலிமை என்பதே பொருள். இன்று வழக்கில் அது நோவைக் குறிக்கிறது. நெடுநேர விளையாட்டில் ஈடுபடுவோர் இரண்டு பொருளையும் ஒரே கணத்தில் சந்திக்கிறார்கள். கெண்டைக்கால் வலிக்கிறது, அதைத் தாங்குவது வலிமையா, அது சொல்வதைக் கேட்பது வலிமையா? இரண்டில் எது என்று அவர்கள் தாமே தீர்மானிக்க இயலாத ஒரு கட்டம் வரும். வெப்பமோ குளிரோ மூளையை எட்டிய பிறகு, நான் நன்றாக இருக்கிறேன் என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. அந்த நேரத்தில் வலியறிதல் வெளியில் இருப்பவரின் பொறுப்பாகிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் தொடாமல் விட்டது துணிச்சலால் அன்று. வியர்வையைப் பார்த்தார்கள், கணக்குச் சரியாக இருந்தது. வியர்வை நின்றிருந்தால் தொட்டிருப்பார்கள், தொட்டிருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டென்பதையும் அறிவோம். அளந்து அளந்து இறங்கியிருந்தால் 1954இல் கோடியக்கரையில் எவரும் ஏறியிருக்க மாட்டார். 1971இல் தனுஷ்கோடியிலிருந்து எவரும் திரும்பி நீந்தியிருக்க மாட்டார். முதன்முதல் செய்பவனுக்கு அளவுகோல் ஏது? நியாயமான கேள்வி. நுனிக்கு அப்பால் கிளை இருக்கிறதா என்பதை எவனோ ஒருவன் ஏறிப்பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனந்தனுடைய நெஞ்சுரத்தைக் குறைத்துச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. அந்தக் கடைசி நாளில் எவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளுக்குப்பின் தாம்பரத்தில் நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வதும் அழகன்று. நாம் சொல்வது ஒன்றே. ஏறிப்பார்த்தவர்கள் கொடுத்த விலையால்தான் பின்வருவோர்க்கு அளவுகோல் கிடைத்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே அளக்க மறுப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பின்வந்தோர் கதையும் இதைத்தான் காட்டுகிறது. 1994இல் சென்னைச் சிறுவன் குற்றாலீசுவரன், பன்னிரண்டு வயதில், ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து மிஹிர் சென்னின் ஐந்தை முந்தினார். பாக் நீரிணையும் ஆங்கிலக் கால்வாயும் அவற்றுள் அடங்கும். நாடே கொண்டாடியது, அர்ஜுனா விருதும் கிடைத்தது. சில ஆண்டுகளில் போட்டி நீச்சலை விட்டுப் படிப்புக்குத் திரும்பினார். அவர் நிறுத்தியதைக் குறையாகப் பேசியவர்கள் அன்று உண்டு. ஆனந்தனின் இருவழி நீச்சல் நேரம் ஐம்பது ஆண்டுகள் நின்றது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரோஷன் அபேசுந்தர 28 மணி 19 நிமிடத்தில் அதைக் கடந்தார். 2022 மார்ச்சில் மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி, ஆட்டிசம் உள்ளவர், தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்குப் பதின்மூன்று மணி நேரத்தில் நீந்தி வந்தார். இம்முயற்சிகளில் படகுகளும் மருத்துவரும் கூடவே வந்தனர். 51 மணி நேரம் என்ற எண் இப்போது சாதனைப் பட்டியலில் முதலிடத்தில் இல்லை. வல்வெட்டித்துறையில் ஆனந்தன் பெயரால் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் நீந்தக் கற்கிறார்கள். எண்ணைக் காட்டிலும் அது நிலைக்கும் என்று தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் சென்ற வாரம் நம் மாணவரிடம் சொன்னோம். சேலையூர் ஏரிக்கரையில், அவர் ஓடி முடித்து வியர்வையோடு நின்றிருந்தார். பொறுமையாகக் கேட்டார். நம் ஆட்களில் பாதியில் ஏறியவர்கள் உண்டா என்ற கேள்விக்கு, ஏறியவர்களை எந்தப் பட்டியலும் வைத்துக்கொள்வதில்லை என்று சொன்னோம். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுவருடம் இறங்கினார்கள், அல்லது இறங்கவில்லை. கம்பத்தில் சாய்ந்து தூங்கிய சைக்கிள்காரரைப் பற்றியும் சொன்னோம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்த வாக்கை மீறிவிட்டோம். அப்பா மன்னிப்பார்.

அவர் சிறிது நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் படகுக்காரப் பையன் மூன்றாவது தடவை ஏன் கேட்கவில்லை என்று இப்போதுதான் யோசிக்கிறேன் ஐயா. இரண்டாவது தடவை நான் கையசைத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கை தண்ணீருக்கு மேலே வந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கோவளத்துக்குச் சைக்கிளில் போகும்போது அந்த இளைஞரைத் தேடிப் பார்க்கப்போவதாகவும் சொன்னார். எதற்கு என்று நாம் கேட்கவில்லை.